கோடு போட்ட டம்ளர்

மார்ச் 6

பாப்பா அப்பாவுக்கு,

நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று இரண்டு வேளையும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன்.

போனில் நான் ஒரு பேச்சை முடிப்பதற்குள் "சரி, லாரி வந்துடுச்சு, வச்சிடறேன்" என்கிறீர்கள். நான் பேசும்போது மட்டும் அந்த எடை மேடைக்கு எங்கிருந்துதான் லாரி வருகிறதோ. அதனால்தான் எழுதுகிறேன். போனை வைப்பது போலக் கடிதத்தை வைக்க முடியாது. மடித்து வைக்கலாம், அதுவும் படித்த பிறகுதான்.

இங்கே சிலிண்டர் தீரமாட்டேன் என்கிறது. மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்து வைப்பேன் அல்லவா, அந்தப் பக்கம் புரண்டு எவ்வளவோ நாளாகிவிட்டது, அடுப்பு இன்னும் நீலமாகத்தான் எரிகிறது. முன்பெல்லாம் சீக்கிரம் தீர்ந்தால் எரிச்சல் வரும். இப்போது தீராமல் இருப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. பாப்பா விடுதிக்குப் போனாள், நீங்களும் போனீர்கள். ஒரு ஆளுக்கென்று சமைக்க என் கை இன்னும் பழகவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதிப் பார்க்கிறேன். கணக்கு எங்கே இடறுகிறது என்று தெரியட்டும். உங்களோடு வேலை பார்த்தவரின் மனைவிக்குப் பிரசவத்தில் ரத்தம் தேவைப்பட்டது. நீங்கள் முதல் தடவையாகப் போய்க் கொடுத்துவிட்டு, முழங்கை மடிப்பில் பஞ்சோடு வந்து பெருமையாகக் காட்டினீர்கள். பிறகு ரத்த வங்கியிலிருந்து கூப்பிட்டு, உங்கள் ரத்தம் ஆகாது, ஹெபடைடிஸ் பி இருக்கிறது, கல்லீரல் டாக்டரைப் பாருங்கள் என்றார்கள். அந்த டாக்டர் என்ன சொன்னார்? நானும் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

"பிறந்தப்பவே வந்திருக்கலாம். இத்தனை வருஷம் அமைதியா இருக்கு, இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கலாம். ஒண்ணா சாப்பிடறதால, ஒரே டம்ளர்ல குடிக்கறதால எல்லாம் ஒட்டாது. ரத்தத்தால பரவும், புருஷன் பெண்டாட்டி உறவுல பரவும். வீட்டம்மாவுக்கு டெஸ்ட் பண்ணி ஊசி போட்டுட்டா அந்தக் கவலையும் இல்ல" என்றார்.

ஒட்டாது என்றது என் காதில் விழுந்தது. உங்கள் காதில் விழவில்லை. அன்று மாலையே ஆணியை எடுத்து உங்கள் டம்ளரின் விளிம்புக்குக் கீழே ஒரு கோடு கீறினீர்கள். தட்டில் ஒரு கோடு. சோப்பு தனி, துண்டு தனி. உங்கள் பாய் முன்னறைக்குப் போயிற்று. விருந்தாளிக்காவது நான் பரிமாறலாம், நீங்கள் அதற்கும் விடவில்லை. கடைசியில், யாரும் போக விரும்பாத அந்த மலையடிக் குவாரிக்கு நீங்களே மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டு போய்விட்டீர்கள்.

நோய் வந்தவரை வீட்டார் ஒதுக்கி வைப்பதைக் கேள்விப்பட்டிருக்கிறேன். நோய் வந்தவர் வீட்டாரை ஒதுக்கி வைப்பதை என் வீட்டில்தான் பார்க்கிறேன்.

டெஸ்ட் எடுத்தால்தான் வருவேன் என்கிறீர்கள். எனக்கு ஒன்றும் இல்லை. நான் எடுக்கப் போவதில்லை. எடுக்காமலேயே வாருங்கள்.

வீட்டில் இருப்பவள்

----

மார்ச் 19

பாப்பா அம்மாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு எழுத வராது. நாள் முழுக்க நான் எழுதுவது லாரி எண்ணும் எடையும்தான்.

லாரி நிஜமாகவே வருகிறது. காலியாக வரும்போது மேடையில் ஏற்றி ஒரு எடை, கல் ஏற்றிக்கொண்டு போகும்போது ஒரு எடை. என் கூண்டுக்கு மூன்று பக்கம் கண்ணாடி. காலையில் துடைத்தால் மதியத்துக்குள் தூசி மூடிவிடும். பிறகு வருவது லாரியா மேகமா என்று சத்தத்தை வைத்துத்தான் சொல்ல வேண்டும். மொட்டை என்று ஒரு டிரைவர் வருகிறார், தலை நிறைய முடி உள்ளவர், ஏன் அந்தப் பெயர் என்று அவருக்கே தெரியாது. நேற்று, "எடைக்காரரே, எங்களையே எடை போடறீங்களே, ஒரு நாள் நீங்க ஏறி நில்லுங்க. வந்தப்ப இருந்த ஆள்ல பாதிதான் இருக்கீங்க" என்றார். சிரித்துவிட்டேன். அவர் போன பிறகு சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

அறையில் ஒரு கட்டில், தண்ணீர் சுட வைக்க ஒரு கெட்டில், நான் கொண்டு வந்த டம்ளர். ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டிடத்துச் சுவர். பேச்சுத் துணைக்கு மின்விசிறி இருக்கிறது. அது எல்லாவற்றுக்கும் இல்லை இல்லை என்றே தலையாட்டுகிறது.

நீ எழுதிய வரிசை சரிதான். ஆனால் ஒன்றை விட்டுவிட்டாய். டாக்டர் "டெஸ்ட் பண்ணி ஊசி போட்டுட்டா" என்றார். அந்த "போட்டுட்டா" உன் காதில் விழவில்லை. பாப்பாவுக்குப் பிறந்தபோதே தடுப்பூசி போட்டாயிற்று, சொன்னதும் டெஸ்டும் எடுத்துத் தாளை அனுப்பினாள், ஒன்றும் இல்லை. நீ மட்டும்தான் பாக்கி. டெஸ்ட் எடு. இல்லை என்று வந்தால் மூன்று ஊசி. மூன்றாவது போட்ட மறுநாள் நான் வீட்டில் இருப்பேன். அதற்கு முன் வந்தால் உன் முகத்தைப் பார்த்து மனசு இளகிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. இங்கே டவுன் பெரியாஸ்பத்திரியில் என்னைப் போன்றவர்களை வைத்து ஒரு ஆராய்ச்சி நடக்கிறது. கல்லீரலுக்குள் மெல்லிய ஊசி விட்டு, உள்ளே இருக்கும் சில அணுக்களை எடுத்துப் பார்ப்பார்களாம். இதனால் எனக்கு ஒரு லாபமும் இல்லை என்று அவர்களே சொன்னார்கள். சரி என்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். இனி யாருக்கும் ரத்தம் கொடுக்க முடியாதவன் ஆகிவிட்டேன். இதையாவது கொடுக்கலாமே என்று தோன்றியது.

உன் வீட்டுக்காரன்

----

ஏப்ரல் 2

பாப்பா அப்பாவுக்கு,

கல்லீரலில் ஊசியா. என்னிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா? கையெழுத்துப் போட்ட பிறகு சொல்வதற்குப் பெயர் சொல்வதா? எனக்கு ஒரு சின்ன ஊசி போடவில்லை என்று வீட்டை விட்டே போனவர், யாரோ கேட்டதும் வயிற்றைக் காட்டுகிறார். சாமியிடம் சண்டை போட்டேன். அவர் வழக்கம்போலப் பேசாமல் இருக்கிறார். அவரும் உங்களைப் போலத்தான், கேட்டுக்கொள்வார், பதில் மட்டும் வராது.

நூலகத்தில் உடம்பைப் பற்றிய ஒரு புத்தகம் எடுத்து வந்து படிக்கிறேன். கல்லீரல் வலது விலா எலும்புக்கு அடியில் இருக்கிறதாம். உடம்பிலேயே உள்ளுறுப்புகளில் பெரியது அதுதானாம். பாதியை எடுத்துவிட்டாலும் வளர்ந்துவிடுமாம், அவ்வளவு பொறுமை. வலி வந்தால்கூடச் சொல்லாதாம். படித்துவிட்டு, இது யாரைப் போல என்று யோசித்தேன். உங்களைச் சொல்கிறதா என்னைச் சொல்கிறதா என்று முடிவு பண்ண முடியவில்லை.

மாடிவீட்டு அக்கா படியில் பார்த்தால் விடுவதில்லை. "இன்னும் வரலையா அவர்?" என்கிறார். "வேலை" என்கிறேன். "அப்படி என்ன வேலைம்மா, இங்க இல்லாத லாரியா?" என்கிறார். அதற்கப்புறம் பால் வாங்கப் போகும் நேரத்தை மாற்றிக்கொண்டேன். அதனால் இப்போது அவர்கூடப் பேச்சும் இல்லை. சில நாள் பால்காரரிடம் "நாளைக்கும் ஒண்ணுதான்" என்று சொல்வதோடு என் பேச்சு முடிந்துவிடுகிறது.

பாப்பா நேற்று, "அப்பா எங்கிட்ட பேசறார், நீயும் எங்கிட்ட பேசற, நீங்க ரெண்டு பேரும் பேசிக்கறதுக்கு நான் என்ன கொரியரா?" என்று கேட்டாள். வாயாடி, உங்கள் வாரிசு.

கல்யாணமான இரண்டாம் வருடம் நான் காய்ச்சலில் கிடந்தேனே, நினைவிருக்கிறதா? தலை தூக்க முடியவில்லை, சாப்பாட்டு வாசனையே ஆகவில்லை. உங்கள் தட்டிலிருந்து எடுத்து எனக்கு ஊட்டினீர்கள், நான் மிச்சம் வைத்ததை நீங்கள் சாப்பிட்டீர்கள். அன்றைக்கு என் டம்ளரில் கோடு போட்டீர்களா? இது என்ன காய்ச்சல், எனக்கு ஒட்டுமா என்று கேட்டீர்களா? அப்போது இல்லாத நியாயம் இப்போது எங்கிருந்து வந்தது?

டெஸ்டைப் பற்றி எழுத வேண்டாம். வேறு ஏதாவது எழுதுங்கள்.

வீட்டில் இருப்பவள்

----

ஏப்ரல் 27

பாப்பா அம்மாவுக்கு,

ஊசி முடிந்தது. நன்றாக இருக்கிறேன். முதலில் அதைச் சொல்லிவிட்டேன், இனி மூச்சு விட்டுக்கொண்டு படி.

போகும்போது டம்ளரைப் பையில் எடுத்துப் போனேன். நர்ஸ் பார்த்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்கே டம்ளர் கொண்டு வந்த ஆளை இப்பதான் சார் பார்க்கறேன்" என்றார். இல்லைம்மா, எனக்கு இந்த வியாதி, நான் குடித்ததைத் தனியாகக் கழுவ வேண்டுமே என்றேன். "எல்லாரோடதையும் நல்லாத்தான் கழுவறோம். உங்களுக்குன்னு தனி அழுக்கு ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு, எல்லாருக்கும் கொடுக்கும் கப்பிலேயே தண்ணீர் கொடுத்தார்.

படுக்க வைத்து, கையைத் தலைக்கு மேலே வைக்கச் சொல்லி, ஸ்கேனில் பார்த்துக்கொண்டே விலா இடுக்கில் ஊசி விட்டார்கள். மரத்துப்போக மருந்து போட்டிருந்தார்கள், அழுத்தம்தான் தெரிந்தது. கூட யார் வந்திருக்கிறார்கள் என்று எழுத ஒரு கட்டம் இருந்தது. அதில் கோடு போட்டுவிட்டேன். பக்கத்துக் கட்டிலில் இருந்தவருக்கு மனைவி விசிறிக்கொண்டிருந்தார், ஏ.சி. போட்ட அறையில்.

படுத்திருந்த நேரத்தில் ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மாவிடம், என் உள்ளே என்னதான் தேடுகிறீர்கள் என்று கேட்டேன். பாப்பாவைவிடக் கொஞ்சம்தான் பெரியவர். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து சொன்னார். அவர் சொன்னபடியே எழுதப் பார்க்கிறேன்.

"நம்ம ரத்தத்துல ஓடிக்கிட்டே இருக்கற காவல் அணுக்கள் உண்டு, ரோந்து போற போலீஸ் மாதிரி. நான் தேடறது வேற. ஒரு கிருமியோட ஒரு தடவை சண்டை போட்டதும், அதுல சில அணுக்கள் கல்லீரலுக்குள்ளயே தங்கிடும். மறுபடி ரத்தத்துக்கு வர்றதே இல்ல. அந்தக் கிருமி முகத்தை மறக்கறதும் இல்ல. அதனால கையில ரத்தம் எடுத்தா இதுங்களைப் பார்க்க முடியாது. வீட்டுக்குள்ள போய்த்தான் பார்க்கணும், அதுக்குத்தான் இந்த ஊசி."

உள்ளே தங்கி என்ன செய்யும் என்றேன். "பார்த்தா சும்மா உட்கார்ந்திருக்கற மாதிரிதான் தெரியும். கிருமி தலை தூக்கினா முதல்ல எழுந்திருக்கறது அதுங்கதான்" என்றார். கிருமி அடங்கிக் கிடப்பவர்களிடம் இவை நிறைய இருப்பதைப் பார்த்திருக்கிறார்களாம். கிருமி வந்து, முழுக்க விரட்டிவிட்ட ஆட்களின் கல்லீரலிலும் இவை வருடக்கணக்காக இருக்குமாம். ஒருவரின் கல்லீரலை எடுத்து இன்னொருவருக்கு வைத்தால்கூட, கொடுத்தவருடைய காவல் அணுக்கள் பல வருடம் அங்கேயே இருக்குமாம். "வீடு கைமாறினாலும் பழைய ஆள் காலி பண்ண மாட்டேங்குது" என்று சிரித்தார்.

எனக்குக் கிருமி குறைவாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் என்னிடமும் அவை கொஞ்சம் இருக்கலாமாம். இத்தனை வருடம் எனக்கே தெரியாமல் யாரோ உள்ளே உட்கார்ந்து என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்த நினைப்பு ஒரு துணையாக இருந்தது. அறைக்கு வந்து கதவைத் திறந்ததும் அது பழையபடி வெறும் அறை.

காய்ச்சலில் நீ கிடந்தது நினைவிருக்கிறது. அதையும் இதையும் சேர்க்காதே. அப்போது எனக்கு எதுவும் தெரியாது. தெரிந்த பிறகு தெரியாதவன் போல எப்படி இருப்பது? டெஸ்ட் எடு.

உன் வீட்டுக்காரன்

----

மே 9

பாப்பா அப்பாவுக்கு,

ஊசி நல்லபடியாக முடிந்ததற்கு ஒரு விளக்கு அதிகமாக ஏற்றினேன். கூட யாரும் இல்லை என்று கோடு போட்டீர்களாமே. அந்த இடத்தில் எழுத உங்களுக்கு ஒரு பெயர்கூடவா இல்லை? "வீட்டில் இருக்கிறாள்" என்று எழுதியிருக்கலாம்.

உங்கள் டாக்டரம்மா சொன்னதை நாலைந்து தடவை படித்தேன். வெளியே வராமல் உள்ளேயே இருக்கும், எதையும் மறக்காது, பார்ப்பவர்களுக்குச் சும்மா இருப்பது போலத் தெரியும். இதைக் கண்டுபிடிக்க ஊசி எதற்கு? நம் வீட்டு அடுப்படிக்கு வந்திருந்தால் நானே காட்டியிருப்பேனே.

கடிதத்தின் அந்தப் பக்கத்தைத் துணி அலமாரியில் வைத்திருக்கிறேன். சிலிண்டர் ஒருவழியாக மாற்றியாயிற்று. உங்கள் செருப்பை வாசலிலிருந்து எடுக்கவில்லை. ஆள் இருக்கிறார் என்று தெருவுக்குத் தெரியட்டும்.

ஒன்று கேட்கட்டுமா? ஒருவருக்கு அந்தக் கிருமி எப்போதோ வந்து போயிருந்தால், அது யாரிடமிருந்து வந்தது என்று டெஸ்ட் தாள் சொல்லுமா? ஒன்றும் இல்லை, படிக்கும்போது தோன்றியது.

வீட்டில் இருப்பவள்

----

மே 21

பாப்பா அம்மாவுக்கு,

டாக்டரம்மாவிடம் கேட்டேன். வந்து போனதா என்று தாள் சொல்லும், யாரிடமிருந்து என்று சொல்லாது என்றார். நீ ஏன் கேட்டாய் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். யோசனை போகும் இடம் எனக்குப் பிடிக்கவில்லை. கூண்டில் உட்கார்ந்து ஒரு லாரிக்கு இரண்டு தடவை ஒரே எடையை எழுதிவிட்டேன். மொட்டைதான் பார்த்து, "கல்லு ஏத்தியும் வண்டி கனக்கலையா எடைக்காரரே" என்றார்.

நேராகக் கேட்கிறேன். நீ டெஸ்டுக்குப் போகாதது என்னை நினைத்து அருவருப்பாலா? என் மூலமாக உன் உடம்பில் ஏதாவது இருந்துவிட்டால் என்று பயமா? அப்படி இருந்தால் சொல்லிவிடு. நியாயம்தான். நான் தப்பாக நினைக்க மாட்டேன்.

மேனேஜர் இங்கேயே இன்னும் இரண்டு வருடம் இருக்கிறாயா என்று கேட்கிறார். இந்த இடத்துக்கு வர ஆள் இல்லை. மாதக் கடைசிக்குள் சொல்ல வேண்டும். அதற்குள் உன் தாள் வந்தால் வீட்டுக்கு வர மாற்றல் கேட்பேன். வராவிட்டால் கையெழுத்துப் போட்டுவிடுவேன். மிரட்டுகிறேன் என்று எடுத்துக்கொள்ளாதே. எதற்காக அங்கே வந்து முன்னறையில் பாய் போட வேண்டும் என்றுதான்.

உன் வீட்டுக்காரன்

----

ஜூன் 10

பாப்பா அப்பாவுக்கு,

மாதக் கடைசி போய்விட்டது, தெரியும். உங்கள் கடிதம் தாமதமாக வந்தது. வந்த பிறகும் நான் தாமதித்தேன். போனில் சொல்லியிருக்கலாம். "லாரி வந்துடுச்சு" என்றால் பாதியில் நின்றுவிடும். இது பாதியில் நிற்கக் கூடாத விஷயம்.

அருவருப்பா என்று கேட்டீர்கள். அந்த வரியைப் படித்த பிறகு உட்கார்ந்திருக்க முடியவில்லை. புடவையை மாற்றிக்கொண்டு நேரே லேபுக்குப் போனேன்.

ரத்தம் எடுக்கும் பெண் பெயர், வயது எல்லாம் எழுதிக்கொண்டு, "என்ன வேலைம்மா?" என்றாள். "சும்மா வீட்லதான் இருக்கேன்" என்றேன். சொன்னதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊசிக்குச் சிரிக்கும் ஆளை அவள் பார்த்ததில்லை போலிருக்கிறது, "வலிக்கலையாம்மா?" என்று இரண்டு தடவை கேட்டாள்.

தாளை எடுத்துக்கொண்டு உங்களை முதலில் பார்த்தாரே, அதே டாக்டரிடம் போனேன். அவர் கண்ணாடியைத் தூக்கி வைத்துக்கொண்டு படித்தார். "உங்களுக்கு இது வந்து போயிருக்கும்மா. இப்ப ரத்தத்துல கிருமி இல்ல. வந்துட்டுப் போன தடம் இருக்கு, எதிர்ப்பு சக்தியும் நல்லா இருக்கு. தடுப்பூசி தேவையே இல்ல. எப்பவாவது உடம்போட எதிர்ப்பைக் குறைக்கற பெரிய மருந்து எடுக்க வேண்டி வந்தா, இப்படி வந்து போச்சுன்னு அந்த டாக்டர்கிட்ட சொல்லிடுங்க. உள்ள ஒரு துளி ஒளிஞ்சிருக்கலாம், காவல் குறைஞ்சா தலை தூக்கும். மத்தபடி கவலையே வேண்டாம்" என்றார்.

"கல்லீரலுக்குள்ளயே தங்கிடுமாமே டாக்டர், மறக்காம இருக்குமாமே, அது எனக்கு இருக்கா?" என்று கேட்டேன்.

"இந்தத் தாள்ல அது தெரியாது. ஆனா இருக்கும்னு நம்பலாம்மா. யார் சொன்னா உங்களுக்கு?"

"எங்க வீட்டுக்காரர். அவர் கல்லீரலை வச்சுத்தான் ஆராய்ச்சியே நடக்குது" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

இனி நீங்கள் கேட்டதற்குப் பதில். இரண்டாம் வருடம் வந்த அந்தக் காய்ச்சலில் என் கண் மஞ்சளாக இருந்தது. பித்தம் என்றார்கள், நாமும் பித்தம் என்றே விட்டுவிட்டோம். ரத்த வங்கி சொன்ன பிறகு, டாக்டர் கொடுத்த காகிதத்தில் அறிகுறிகள் என்று ஒரு பத்தி இருந்தது. கண் மஞ்சள், சாப்பாட்டு வாசனை ஆகாமை, தலை தூக்க முடியாத சோர்வு. அங்கேயே, அந்த நாற்காலியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நான் நிமிர்ந்து உங்களைப் பார்த்தேன். நீங்கள் உங்கள் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தீர்கள், அது யாரோ வேற்றாளின் கை போல.

ஒட்டாத டம்ளருக்கே கோடு போட்டவர், நிஜமாகவே ஒட்டியிருக்கிறது என்று தெரிந்தால் தன்னை என்ன செய்துகொள்வார்? அதனால்தான் டெஸ்ட் வேண்டாம் என்றேன். இல்லை என்று வராது, எனக்குத் தெரியும். இருக்கிறது என்று வருமா, போய்விட்டது என்று வருமா என்பதுதான் தெரியாது. உங்களை நினைத்துத்தான் பயந்தேன், உங்களைப் பார்த்து இல்லை.

இப்போது நடந்ததைப் பாருங்கள். எது நடந்துவிடக் கூடாது என்று பாயை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனீர்களோ, எதற்காக அந்தத் தூசியில் உட்கார்ந்திருக்கிறீர்களோ, அது நடந்து முடிந்து வெகு காலம் ஆகிவிட்டது. பாப்பா பிறப்பதற்கும் முன்னால். வந்தது, தோற்றது, போய்விட்டது. வாசலில் இன்னும் காவல் இருக்கிறது. இந்த வீட்டைக் காப்பாற்று என்று நான் சாமியிடம் தினமும் கேட்டுக்கொண்டிருந்தேன். அவர் எப்போதோ காவலுக்கு ஆள் வைத்துவிட்டுத்தான் பேசாமல் இருந்திருக்கிறார்.

உங்களிடமிருந்துதான் வந்திருக்கும். வேறு எங்கிருந்து வரும்? எனக்கு இருக்கும் ஆள் நீங்கள் ஒருவர்தான். அதை நினைத்து நீங்கள் உருகக் கூடாது. நீங்கள் ஊட்டிய சாப்பாட்டில்தான் நான் எழுந்து உட்கார்ந்தேன். அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள்.

தாளின் நகலை வைத்திருக்கிறேன். வாருங்கள்.

வீட்டில் இருப்பவள்

----

ஜூலை 1

பாப்பா அப்பாவுக்கு,

பதில் இல்லை. போனை எடுப்பதில்லை. பாப்பாவிடம் மட்டும் "நல்லா இருக்கேன்" என்றீர்களாம், குரல் சரியில்லை என்கிறாள். நான் பயந்தது இதற்குத்தான்.

திட்டுவீர்கள் என்று சொல்லாமல் வைத்திருந்த ஒன்றைச் சொல்கிறேன். டம்ளரை எடுத்துக்கொண்டு போன நீங்கள், கோடு போட்ட தட்டை அலமாரியின் மேல் அடுக்கில் யார் கையும் படாதபடி கவிழ்த்து வைத்துவிட்டுப் போனீர்கள். நீங்கள் போன மறுநாளே நாற்காலி போட்டு ஏறி அதை எடுத்தேன். அன்றிலிருந்து அதில்தான் சாப்பிடுகிறேன். சாப்பிட்டு முடிக்கும்போது அந்தக் கோடு தெரியும். எதிரே ஆள் உட்கார்ந்திருப்பது போல இருக்கும்.

எனக்கு இந்த வீட்டில் பேச ஆள் இல்லை. ஒரு வரி எழுதுங்கள். கோபமாக இருந்தாலும் சரி.

உங்கள் வீட்டில் இருப்பவள்

----

ஜூலை 9

என் வீட்டில் இருப்பவளுக்கு,

தாளைப் பற்றி நீ எழுதிய கடிதத்தைப் படித்துவிட்டு அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன், அவ்வளவுதான். உன் கண் மஞ்சளாக இருந்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஜன்னல் வெளிச்சம் என்று நினைத்தேன். ஒரு கையால் உன் தலையைத் தாங்கிக்கொண்டு மறு கையால் ஊட்டினேன். உன்னைப் படுக்கையில் தள்ளியவன் நான், உட்கார்ந்து ஊட்டியவனும் நான். இதை எப்படிக் கழிப்பது என்று தெரியாமல் இருந்தேன். இரண்டு எடையும் ஒரே வண்டியுடையது.

டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். பெரிதாக ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "உங்க மனைவியோட கல்லீரலைப் பார்க்க எனக்கு ஆசையா இருக்கு சார், ஆனா கேட்க மாட்டேன்" என்றார். அப்புறம், "நீங்க ரெண்டு பேரும் ஒரே கிருமியைத்தான் பார்த்திருக்கீங்க. அவங்க விரட்டிட்டாங்க, நீங்க அடக்கி வச்சிருக்கீங்க. இதுல குத்தவாளி யாரும் இல்ல" என்றார். குற்றவாளி இல்லை என்று ஒருவர் வாயால் கேட்க வேண்டியிருந்தது போலிருக்கிறது. வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன்.

மாதக் கடைசியில் நான் கையெழுத்துப் போட்டுவிட்டேன். உன் தாள் வரவில்லை, உனக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு பண்ணிவிட்டேன். நேற்று மேனேஜரிடம் போய்த் திரும்ப வாங்கிக்கொள்ளக் கேட்டேன். "இந்த இடத்துக்கு ஆள் கொண்டு வா, உன்னை விடறேன்" என்றார். மொட்டையின் மைத்துனருக்கு லாரி ஓட்டி ஓட்டி முதுகு வலி, உட்கார்ந்து பார்க்கும் வேலை தேடுகிறார். நாளை முதல் கூண்டுக்கு வருகிறார். அவருக்குப் பிடிபடும் வரை நான் இருக்க வேண்டும். அதுவரை நீயும் தனி, நானும் தனி. பொறுத்துக்கொள் என்று சொல்ல எனக்கு வாயில்லை. நானே பொறுத்துக்கொள்ளவில்லை.

இன்று நடந்ததை எழுதிவிட்டு முடிக்கிறேன். மைத்துனரைப் பற்றிப் பேச மொட்டை கூண்டுக்குள் வந்தார். வெயிலில் வந்தவர், பேசிக்கொண்டே என் டம்ளரை எடுத்து, பானையில் மொண்டு, மடமடவென்று குடித்தார். முன்பானால் எழுந்து தட்டிவிட்டிருப்பேன். இன்று என் கை பாதி வரை போயிற்று. அப்புறம் மேஜைமேல் வைத்துக்கொண்டேன்.

"இது என்ன கோடு எடைக்காரரே? அளவா?" என்றார்.

"ஆமா" என்றேன்.

"அப்ப அளவுக்கு மேலயே குடிச்சிட்டேன்" என்று இன்னொரு டம்ளர் மொண்டார்.

அவர் போன பிறகு உப்புத்தாள் வைத்துத் தேய்த்துப் பார்த்தேன். கோடு போகவில்லை, சுற்றிலும் மங்கியதுதான் மிச்சம். வரும்போது டம்ளரைக் கொண்டு வருகிறேன். அடுப்படியில் மற்ற டம்ளர்களோடு சேர்த்துக் கவிழ்த்து வை. நான் தண்ணீர் கேட்டால் தேடி எடுக்காதே. கைக்கு எது வருகிறதோ அதில் கொடு.

உன் வீட்டுக்காரன்